பனி தள்ளும் ஏடிவியும் சக்கரப் பிடிப்பும்

எல்லா வகை நிலத்திலும் ஓடக்கூடிய, ஒருவர் ஏறி அமர்ந்து கைப்பிடியால் திருப்பும் நான்கு சக்கர வண்டி ஏடிவி எனப்படுகிறது. கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும், அமெரிக்காவின் மினசோட்டா, மிச்சிகன், மெய்ன் போன்ற வட மாநிலங்களிலும் இது கோடையில் காட்டுப் பாதையிலும் பண்ணையிலும் ஓடுகிறது. குளிர்காலம் வந்ததும் இதன் முன்புறம் வளைந்த எஃகுப் பலகை ஒன்று பூட்டப்படுகிறது. வீட்டு வாசலிலிருந்து பொதுச்சாலை வரை குவிந்த பனியைத் தள்ளி ஒதுக்குவது அந்தப் பலகையின் வேலை.

தமிழ்நாட்டின் மார்கழிப் பனி வெயில் ஏறியதும் மறைந்துவிடும். இங்கே பேசப்படும் பனி வானிலிருந்து துகளாகக் கொட்டி, முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்து, மாதக்கணக்கில் தரையில் கிடப்பது. மிச்சிகனின் வடகோடியில் சுப்பீரியர் ஏரிக்குள் நீளும் கீவினா தீபகற்பத்தில் 1978–79 குளிர்காலத்தில் மொத்தம் 390 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 மீட்டர் பனி கொட்டியது. இத்தகைய ஊர்களில் பொதுச்சாலையை அரசு இயந்திரங்கள் துப்புரவு செய்கின்றன. வீட்டுப் பாதை வீட்டுக்காரரின் பொறுப்பு. சாலை இயந்திரம் கடந்து போகும்போது வீட்டுப் பாதையின் முகப்பில் கெட்டியான பனி வரப்பு ஒன்றையும் விட்டுச் செல்லும். மண்வாரியால் அதை அள்ளினால் முதுகு ஒடியும். பலகை பூட்டிய சரக்கு வண்டிக்குச் செலவு அதிகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஏடிவி.

ஹோண்டா நிறுவனம் 1970இல் மூன்று சக்கர வண்டியோடு இந்த வகையைத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் சுசூகியின் நான்கு சக்கர வண்டி வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஹோண்டா வண்டி 1986 மாடலாக வெளிவந்தபின் ஏடிவி உண்மையான வேலைக்கார வண்டியாயிற்று. ஆனாலும் பனி தள்ளுவோர் எல்லோரும் சந்திக்கும் தொல்லை ஒன்று இன்றும் தொடர்கிறது: எஞ்சின் உறுமும், சக்கரம் சுழலும், வண்டி மட்டும் நகராது. இந்தப் பிடிப்புக் குறை எதனால் வருகிறது, எந்த வழிகளால் எவ்வளவு தீர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிடிப்பின் கணக்கு

சக்கரம் தரையை எவ்வளவு விசையோடு பின்னுக்குத் தள்ள முடியும் என்பதை இரண்டு அளவுகள் முடிவு செய்கின்றன. ஒன்று, சக்கரத்தின் மேல் இறங்கும் எடை. மற்றது, டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு. இரண்டையும் பெருக்கினால் வருவதே உச்சத் தள்ளு விசை. எஞ்சினின் குதிரைத்திறன் இந்தப் பெருக்கலில் எங்கும் இல்லை. அதனால்தான் 700 சிசி எஞ்சின் கொண்ட வண்டியும் வழுக்கும் தரையில் 400 சிசி வண்டியைப் போலவே திணறுகிறது.

காய்ந்த தார்ச்சாலையில் இந்தக் கெழு 0.7 முதல் 0.8 வரை இருக்கும். மிதிபட்டு இறுகிய பனியில் 0.2 முதல் 0.3 வரை. பனிக்கட்டியின் மேல் 0.1 அளவுக்கு இறங்கும். உருகத் தொடங்கிய ஈரமான பனிக்கட்டியில் அதற்கும் கீழே போகும். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்துக்கொண்டால், இறுகிய பனியில் நான்கு சக்கரமும் இழுக்கும்போது கிடைப்பது சுமார் 100 கிலோ எடைக்குச் சமமான தள்ளு விசை. பின்சக்கரம் மட்டும் இழுத்தால் அதில் பாதி. பனிக்கட்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 40 கிலோவே மிஞ்சும்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. ஒன்றரை மீட்டர் அகலப் பலகை 15 செ.மீ. ஆழப் பனியில் நேராகச் செல்கிறது. புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ என்றால், வண்டி நகரும் ஒவ்வொரு மீட்டருக்கும் பலகையின் முன் 22 கிலோவுக்கு மேல் சேர்கிறது. பத்து மீட்டர் போவதற்குள் குவியல் 225 கிலோ ஆகிவிடும். ஈரம் ஏறிய பனியின் அடர்த்தி 250 கிலோவைத் தொடும்போது அதே குவியல் நான்கே மீட்டரில் சேர்ந்துவிடும். இந்தக் குவியலைத் தரையோடு உரசித் தள்ளத் தேவையான விசை, சக்கரம் தரக்கூடிய விசையைத் தாண்டும் இடத்தில் வண்டி நின்றுபோகிறது.

ஆகவே வழிகள் மூன்றே: தள்ளவேண்டிய சுமையைக் குறைப்பது, சக்கரத்தின் மேல் எடையைக் கூட்டுவது, உராய்வை உயர்த்துவது. சந்தையில் விற்கும் கருவிகளும் அனுபவசாலிகள் சொல்லும் உத்திகளும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கும்.

பனியின் குணம்

பனி எப்போதும் ஒன்றுபோல இருப்பதில்லை. கடுங்குளிரில் விழும் பனி மாவைப் போல உதிரியாக இருக்கும். பலகையில் ஒட்டாமல் உருண்டு ஓடும். சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழுவது ஈரமானது; கனமானது; பலகையில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் ஒருமுறை சுழன்று தேய்த்தால் அடியிலுள்ள பனி உருகி, உடனே உறைந்து, கண்ணாடிபோல ஆகிவிடும்.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது என்பது நெடுநாள் ஆராயப்பட்ட கேள்வி. பனிக்கட்டியின் மேற்பரப்பில் திரவம் போன்ற மெல்லிய படலம் எப்போதும் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850இல் கருதினார். உராய்வில் பிறக்கும் வெப்பமே நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று ஆய்வாளர்கள் பௌடனும் ஹியூஸும் 1939இல் காட்டினர். பனி தள்ளுபவருக்கு இதில் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. சுழியத்தை ஒட்டிய குளிரில்தான் தரை அதிகம் வழுக்கும்; −20 பாகை செல்சியஸில் அதே தரை ஓரளவு பிடிப்புத் தரும். ஆகவே பகலில் இளகி இரவில் உறையும் நாட்களே வேலைக்கு மிகக் கடினமானவை.

சுமையைக் குறைத்தல்: பலகை

செலவில்லாத வழி இதுதான். பனி நின்றபிறகு ஒரேயடியாகத் தள்ளலாம் என்று காத்திருப்பதைவிட, 10 செ.மீ. சேர்ந்ததும் ஒருமுறை, மறுபடி சேர்ந்ததும் மறுமுறை என்று தள்ளுவது மேல். ஏடிவியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி பொதுவாக 25 முதல் 30 செ.மீ. வரைதான். பனி அதைத் தாண்டி ஏறினால் வண்டி வயிற்றின்மேல் உட்கார்ந்துவிடும். எடை முழுவதும் பனியில் இறங்கி, சக்கரங்கள் வெறுமனே சுழலும்.

அடுத்தது பலகையின் கோணம். நேராக வைத்த பலகை சேர்ந்த பனி அனைத்தையும் சுமந்துசெல்கிறது. ஒரு பக்கம் சாய்த்த பலகையில் பனி வழிந்து ஓரத்தில் வரப்பாக விழுகிறது; குவியல் ஓர் அளவுக்கு மேல் வளர்வதில்லை. ஆழம் மிகுந்தால் பலகையின் பாதி அகலத்தை மட்டும் பனியில் நுழைத்து, மீதிப் பாதியை ஏற்கெனவே துப்புரவான தடத்தில் ஓட்டுவது நல்லது. அப்போது சுமை பாதியாகிறது. சக்கரங்களில் ஒரு பக்கமாவது சுத்தமான தரையில் ஓடுகிறது.

பலகையின் அகலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விற்பனையில் உள்ளவை 48 முதல் 72 அங்குலம் வரை. 60 அங்குலப் பலகையை 30 பாகை சாய்த்தால் அது துப்புரவு செய்யும் தடம் 52 அங்குலமாகக் குறைகிறது. ஏடிவியின் சக்கரங்கள் வெளிவிளிம்பு வரை ஏறத்தாழ 48 அங்குலம் அகலம். ஆகவே 48 அங்குலப் பலகையைச் சாய்த்தால் ஓரச் சக்கரம் தள்ளப்படாத பனியின் மேல் ஏறி ஓடும். பிடிப்பு அங்கேயே போய்விடும். 72 அங்குலப் பலகையோ ஈரப்பனியில் சிறிய வண்டிக்குத் தாங்காத சுமை. நடுத்தர வண்டிக்கு 60 அங்குலம் பொருந்துகிறது.

பலகையைத் தரையில் அழுத்துவதும் பிடிப்பைக் குறைக்கும். கீழ்நோக்கி அழுத்தும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் எடையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பலகை தன் எடையில் மிதந்தால் போதும். சரளைப் பாதையில் பலகையின் அடிக்காலணிகளை இறக்கி, விளிம்பு தரைக்கு இரண்டு செ.மீ. அளவு மேலே நிற்கும்படி வைத்தால் கல்லில் குத்தி நிற்காது. பலகையின் முகத்தில் மெழுகோ சிலிக்கோன் தெளிப்போ பூசினால் ஈரப்பனி ஒட்டாமல் வழியும்.

எடையைக் கூட்டுதல்

முன்னால் பலகை தொங்கும்போது, குறிப்பாக அது தூக்கப்பட்டிருக்கும்போது, வண்டியின் பின்பாகம் இலேசாகிவிடுகிறது. பின்புறச் சட்டத்தில் எடை வைப்பது இதைச் சரிசெய்யும். இதற்கு மிகவும் ஏற்றது மணல் மூட்டை. 25 கிலோ மூட்டை இரண்டை வைத்து இறுகக் கட்டினால், பின்சக்கரங்களின் மேலிருக்கும் 200 கிலோ 250 கிலோவுக்கும் மேலாகும். அவற்றின் தள்ளு விசை நாலில் ஒரு பங்கு கூடும். வழுக்கும் இடம் வந்தால் அதே மணலைத் தரையில் தூவலாம்.

எடைக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் முன், பின் சட்டங்களுக்குத் தனித்தனியே சுமை வரம்பு எழுதப்பட்டிருக்கும். பலகையும் அதைத் தூக்கும் வின்ச்சும் ஏற்கெனவே முன்பாகச் சுமையில் சேரும். பின் அச்சுக்கு வெகு பின்னால் எடை வைத்தால் முன்சக்கரம் மேலெழும்பப் பார்க்கும். கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். சரிவில் உயரமாக அடுக்கிய எடை வண்டியைக் கவிழ்த்துவிடும். எடைக்காக இன்னோர் ஆளைப் பின்னால் ஏற்றிக்கொள்வது சில இடங்களில் நடக்கிறது. பெரும்பாலான ஏடிவிகள் ஒருவருக்காகவே வடிவமைக்கப்பட்டவை. இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

டிராக்டர்களில் டயருக்குள் திரவம் நிரப்பி எடை கூட்டும் வழக்கம் உண்டு. கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, ஆனால் இரும்பை அரிக்கும். ஏடிவியின் சிறிய டயர்களில் இதனால் கிடைக்கும் எடை குறைவு. அதிர்வு தாங்கும் தன்மையும் கெடுகிறது. மணல் மூட்டையே மலிவும் எளிமையும் ஆனது.

டயரும் காற்றும்

ஏடிவி டயரின் பெரிய கட்டிகள் சேற்றுக்காகச் செய்யப்பட்டவை. தளர்ந்த பனியில் அவை கடித்துப் பிடிக்கும். பனிக்கட்டியில் கடிக்க எதுவும் இல்லை. அங்கே தரையைத் தொடும் ரப்பரின் மென்மையும் விளிம்புகளின் எண்ணிக்கையுமே பேசும். குளிர்கால டயர் என்ற எண்ணம் பின்லாந்திலிருந்து வந்தது. இன்று நோக்கியன் என்று அறியப்படும் நிறுவனம் 1934இல் பனிக்கான சரக்கு வண்டி டயரையும், 1936இல் காருக்கான டயரையும் செய்தது. குளிரில் இறுகாத ரப்பர், கட்டிகளின் மேல் கத்தியால் கீறியது போன்ற நுண்வெட்டுகள் ஆகிய இரண்டும் இத்தகைய டயர்களின் அடிப்படை. தேய்ந்து விளிம்பு மழுங்கிய ஏடிவி டயரைப் புதிதாக மாற்றுவதே பல வண்டிகளில் பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

காற்றழுத்தம் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம். ஏடிவி டயரில் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை மட்டுமே காற்று இருக்கும். காரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். சற்றே குறைத்தால் டயர் தட்டையாகித் தரையை அதிகம் தொடும். ஆனால் குளிர் தானாகவே அழுத்தத்தைக் குறைக்கிறது. 20 பாகை வெப்பமுள்ள வண்டிக் கொட்டகையில் 5 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், −20 பாகைக் குளிரில் நின்றால் இரண்டரைக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் பக்கவாட்டு விசை பட்டால் டயர் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும். ஆகவே அழுத்தத்தை வெளிக்குளிரில் வண்டி நின்றபிறகு, குறைந்த அழுத்தம் காட்டும் அளவியால் பார்க்க வேண்டும். கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே விடக்கூடாது.

சங்கிலி

டயரைச் சுற்றிச் சங்கிலி போடும் முறைக்கு நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் காப்புரிமை பெற்றார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் பனிக்கட்டியில் இதற்கு இணையான மலிவான வழி வரவில்லை. தஞ்சை வயல்களில் சேறு உழும் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். ரப்பர் வழுக்கும் இடத்தில் இரும்பு கடிக்கிறது.

ஏடிவிச் சங்கிலிகள் முக்கியமாக இரண்டு வகை. ஏணிவகையில் குறுக்குச் சங்கிலிகள் ஏணிப்படிபோல டயரின் குறுக்கே ஓடும். இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்கு என்ற நெருக்கமான அமைப்பு, நான்கு கண்ணிக்கு ஒன்று என்பதைவிட நல்லது. இடைவெளி குறைவதால் சக்கரம் குலுங்காமல் ஓடும், எப்போதும் ஒரு குறுக்காவது தரையில் இருக்கும். வைரவடிவ வகையில் குறுக்குகள் கோணலாகப் பின்னியிருக்கும். பக்கவாட்டில் சறுக்குவதையும் அது தடுக்கும், விலை கூடுதல். பனிக்கட்டி மிகுந்த இடத்தில் கண்ணிகளின் மேல் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவக் கம்பிகள் பற்றவைத்த சங்கிலி ஏற்றது.

ஒரு சோடி மட்டும் வாங்குவோர் பின்சக்கரத்துக்குப் போடுவதே வழக்கம். மணல் மூட்டையின் எடையும் அங்கேதான் இருக்கிறது. முன்சக்கரத்துக்குப் போட்டால் திருப்பும் பிடிப்பு கூடும். சாய்த்த பலகை வண்டியின் மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும்போது அது உதவும். ஆனால் முன்னால் பிரேக் குழாயும் திருப்புத் தண்டும் சக்கரத்துக்கு மிக அருகில் உள்ளன. சக்கரத்தை முழுக்கத் திருப்பி, இடைவெளி போதுமா என்று பார்த்த பிறகே முன்சங்கிலி போடலாம்.

பூட்டும் விதத்தில்தான் சங்கிலியின் பயன் இருக்கிறது. முதலில் அதைத் தரையில் விரித்து முறுக்கு எடுக்க வேண்டும். கம்பி முனைகளும் கொக்கிகளும் டயரைக் குத்தாமல் வெளியே பார்க்கும்படி டயரின் மேல் போர்த்த வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சங்கிலியை முடிந்தவரை இழுத்துக் கொக்கியிட்டு, மறுபடி காற்று நிரப்பினால் டயர் உப்பிச் சங்கிலி தானாக இறுகும். அதன்பின் ரப்பர் இழுவைப் பட்டையை நட்சத்திரம்போல மாட்ட வேண்டும். நூறு மீட்டர் மெல்ல ஓட்டிவிட்டு நிறுத்தி, தளர்ந்த கண்ணியை மீண்டும் இறுக்க வேண்டும். தளர்ந்த சங்கிலி வேகத்தில் சாட்டைபோல வீசி வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கும். கல் பாவிய தரையிலும் புதிய தார்த்தளத்திலும் சங்கிலி கீறல் விடும் என்பது இதன் ஒரே பெரிய குறை.

ஆணிகள்

டயர்க் கட்டிகளில் திருகி ஏற்றும் கடின உலோக ஆணிகள் இன்னொரு வழி. பனிக்கட்டியில் இவை சிறப்பாகக் கடிக்கும். சங்கிலிபோலக் குலுக்கலும் இல்லை. கட்டியின் உயரத்தைவிட ஆணி நீண்டிருந்தால் டயருக்குள் நுழைந்து காற்றை வெளியேற்றிவிடும் என்பதால் அளவு பார்த்து வாங்குவது முதல் விதி. ஆழமான தளர்பனியில் ஆணியால் பயன் குறைவு. குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டி படிந்தே கிடக்கும் பாதைக்கு ஆணியும், ஆழமான பனிக்குச் சங்கிலியும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

விசை பகிரும் அமைப்பு

நான்கு சக்கர இழுவையைப் போட்டாலே வண்டியின் எடை முழுவதும் வேலைக்கு வந்துவிடுகிறது. பிடிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆயினும் முன்சக்கரங்களுக்கு இடையிலுள்ள சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே திருகு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பனிக்கட்டியில் நின்றால், மற்றது நல்ல தரையில் இருந்தாலும் அந்த அளவுக்கே விசை பெறும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி உள்ள வண்டியில் இந்தத் தடை நீங்கும். ஆனால் பூட்டிய நிலையில் வண்டி திரும்ப மறுக்கும். நேராகத் தள்ளும்போது பூட்டி, திருப்பத்தில் விடுவிப்பதே முறை.

கியர் எப்போதும் குறைந்த கியராக இருக்க வேண்டும். அதில் சக்கரம் மெல்லச் சுழலும். விசை சீராக இறங்கும். பெல்ட்டால் இயங்கும் வண்டிகளில் உயர்ந்த கியரில் மெதுவாகத் தள்ளினால் பெல்ட் சூடேறிக் கருகும்.

பட்டைத் தடங்கள்

சக்கரங்களைக் கழற்றிவிட்டு முக்கோண ரப்பர் பட்டைகளைப் பூட்டுவது எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். பனியில் பட்டை ஓடும் கலை கியூபெக்கில் வளர்ந்தது. வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மாண்ட் பம்பார்டியே, 1934 குளிர்காலத்தில் பனியால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் தன் சிறு மகனைப் பறிகொடுத்தவர். 1937இல் பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். இன்று கேன்-ஆம் ஏடிவிகளைச் செய்யும் நிறுவனம் அவர் தொடங்கிய தொழிலின் வாரிசு.

பட்டை வண்டி ஆழ்ந்த பனியிலும் புதையாது. தரையைத் தொடும் பரப்பு பல மடங்கு. ஆனால் விலை பல ஆயிரம் டாலர். கைப்பிடி கனக்கும், வேகம் குறையும், அச்சுகளுக்குச் சுமை கூடும். வெறும் வீட்டுப் பாதைக்கு இது மிகை. கிலோமீட்டர் கணக்கில் பாதை உள்ள பண்ணைக்கும் மலைவிடுதிக்கும் பொருந்தும்.

தரையைச் சீர்செய்தல்

சக்கரத்தை மாற்றாமல் தரையை மாற்றியும் பிடிப்பைக் கூட்டலாம். மணல் எந்தக் குளிரிலும் உதவும். சாதாரண உப்பு −9 பாகைக்குக் கீழே நடைமுறையில் பயன் இழக்கும். கால்சியம் குளோரைடு அதைவிடக் கடுங்குளிரிலும் வேலை செய்யும். உப்பு சங்கிலியையும் வண்டியின் அடிப்பாகத்தையும் துருப்பிடிக்க வைக்கும். பாதையோரச் செடிகளையும் கெடுக்கும். ஆகவே சரிவான இடத்துக்கு மணலும், வாசல்படிக்குக் கொஞ்சம் உப்பும் போதும். சரளைப் பாதையில் முதல் பனியைத் தள்ளாமல் வண்டியால் மிதித்து உறைய விடுவது நல்ல பழக்கம். கல் பெயராத, பலகை தட்டாத தளம் அதனால் கிடைக்கும்.

ஓட்டும் முறை

குளிர்காலத்தின் முதல் பனியையே பாதை விளிம்புக்கு வெகு அப்பால் தள்ளிவிட வேண்டும். ஓரக் குவியல் உறைந்தபின் அதை நகர்த்த ஏடிவியால் முடியாது. பாதை வாரத்துக்கு வாரம் குறுகிக்கொண்டே வரும். சரிவுள்ள பாதையில் மேலிருந்து கீழாகத் தள்ளினால் புவியீர்ப்பே உதவிக்கு வரும். சுமையோடு நடுவழியில் நின்றுவிட்டுக் கிளம்புவதைத் தவிர்க்க வேண்டும். சக்கரம் சுழலத் தொடங்கும் ஓசை கேட்டதும் வின்ச்சால் பலகையை ஓரங்குலம் தூக்கினால், குவியலின் ஒரு பகுதி அடியில் வழிந்து, வண்டி மறுபடி நகரும். நின்றே போனால் எஞ்சினை முறுக்கக் கூடாது. பின்வாங்கி, பாதியாகப் பிரித்துத் தள்ள வேண்டும்.

வேகமாக வந்து குவியலில் மோதுவது பிடிப்புக்கு மாற்று ஆகாது. பனிக்கு அடியில் மறைந்த கல்லிலோ வேரிலோ பலகை குத்தினால் ஓட்டுபவர் முன்னால் எறியப்படுவார். நடக்கும் வேகத்தைச் சற்றே தாண்டினால் போதும், தலைக்கவசம் கட்டாயம்.

எதை முதலில் செய்வது

வழிகளைச் செலவும் பயனும் பார்த்து வரிசைப்படுத்தினால் ஒரு தெளிவு பிறக்கிறது. முதலில் அடிக்கடி தள்ளுதல், சாய்த்த பலகை, பாதி அகலம், குறைந்த கியர்: இவற்றுக்குக் காசே வேண்டாம். அடுத்தது சரியான காற்றழுத்தமும் பின்னால் கட்டிய 50 கிலோ மணலும். அதற்கும் வழுக்கினால் பின்சக்கரங்களுக்கு நெருக்கமான ஒரு சோடிச் சங்கிலி. இந்த மூன்று படிகளுக்குள்ளேயே பெரும்பாலான வீட்டுப் பாதைகளின் தேவை முடிந்துவிடுகிறது. புது டயர், ஆணி, பட்டைத் தடம், பெரிய எஞ்சின் ஆகியவை அதற்கு அப்பால் வருபவை. பணத்தைச் செலவழிக்கும் முன் பலகையின் முன் குவியும் பனியைக் குறைக்கக் கற்றவருக்குப் பிடிப்புக் குறை பெரிதாகத் தெரிவதில்லை.